ஊறப் போட்ட இருபத்து நாலு கோப்பைகள்

"ரெண்டையும் எப்படிங்க சமாளிக்கிறீங்க?"

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்கிற கேள்வி இது. ரெண்டு என்று அவர்கள் சொல்வது மண் வேலையையும் பிள்ளைகளையும். பிள்ளைகளே ரெண்டு, வீட்டுக்காரரையும் சேர்த்தால் மொத்தம் நாலு. ஆனால் கேட்கிறவர்களிடம் போய்க் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? "ஏதோ ஓடுதுங்க" என்று சிரித்து வைப்பேன். இதே கேள்வியை என் வீட்டுக்காரரிடம் ஒருத்தர்கூடக் கேட்டது கிடையாது. அவருக்கும் அதே ரெண்டு பிள்ளைகள்தான், அவரும் வேலைக்குத்தான் போய்வருகிறார். அவர் சமாளிப்பார் என்று ஊருக்கே நம்பிக்கை போலிருக்கிறது.

மூத்தவளுக்கு நாலரை வயது. வீட்டில் அவள் பெயர் பெரிசு. அடுத்தவனுக்கு ஒன்றே கால் வயது, அவன் சின்னது. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடியில். பின்பக்க பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் என் சக்கரம் இருக்கிறது. கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினால் அது என் பட்டறை; திறந்தால் துணி காயப்போடும் இடம். பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

மண்ணோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அதன் நேரத்தோடுதான் சண்டை. சக்கரத்தில் கோப்பையைத் தூக்கி எடுத்ததும் வேலை முடிவதில்லை. அது கொஞ்சம் இறுகும்வரை காத்திருந்து, கவிழ்த்து, அடியைச் சீவ வேண்டும். சீக்கிரம் கை வைத்தால் தொய்ந்துவிடும், தாமதித்தால் கல்லாகிவிடும். நடுவில் ஒரு மணி நேரம் சரியான பதம் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் வந்ததும் சின்னது தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவான். பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தால்கூட இவ்வளவு கச்சிதமாக நேரம் அமையாது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் அடி சீவுகிற வித்தை எனக்குத் தெரியும். அதற்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை.

எனக்குச் சொந்தமாகச் சூளை கிடையாது. வாடகை வீட்டில் சூளை வைத்தால் வீட்டுச் சொந்தக்காரர் என்னையே அதில் வைத்துச் சுட்டுவிடுவார். ஊர் முடிகிற இடத்தில், பழைய லாரிக் கொட்டகை ஒன்றில், எங்களைப் போல வீட்டில் வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பொதுச் சூளை நடத்துகிறோம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை எரியும், உள்ளே சாமான் அடுக்க ஆளுக்கு ஒரு தட்டு. நாலாம் தட்டு என்னுடையது, பெரிசு பிறப்பதற்கு முன்பிருந்தே. சூளையைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் சூளையம்மா என்போம். அவரிடம் ரெண்டே ரெண்டு விதிகள்: ஒன்று, தட்டு நிரம்பித்தான் உள்ளே போக வேண்டும், இடம் காலியாக இருந்தால் சூடு சீராகப் பரவாது; ரெண்டு, தொடர்ந்து மூன்று முறை வராதவர்களின் தட்டு, காத்திருக்கிறவர்களில் அடுத்தவருக்குப் போய்விடும். அப்போது பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

நான் ரெண்டு முறை தவறவிட்டிருந்தேன். முதல் முறை பெரிசுக்கு அம்மை. அடுத்த முறை, சின்னது முதன்முதலாக எழுந்து நின்ற நாள். பிடிமானத்துக்கு அவனுக்குக் கிடைத்தது நான் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்த பலகை. அவன் நின்றுவிட்டான், பலகை நிற்கவில்லை. எல்லாரும் கை தட்டினோம். நான் அழுதுகொண்டே தட்டினேன், ஆனந்தக் கண்ணீர் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது முறைக்கு முன்னால் சூளையம்மா போனில் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு அடுக்கறோம். இந்தத் தடவையும் வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. எனக்கு உன்னைப் பிடிக்கும், அது வேற. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் நாலாம் தட்டு போனால் எனக்குச் சூளை இல்லை. சூளை இல்லாவிட்டால் நான் செய்வது வேலையே இல்லை, மண்ணில் விளையாட்டு. அதைப் பெரிசும் செய்கிறாள், என்னைவிட நன்றாகவே செய்கிறாள்.

அதனால் மூன்று வாரம் சின்னது தூங்கிய இடைவெளிகளைப் பொறுக்கிச் சேர்த்து இருபத்து நாலு கோப்பைகள் செய்தேன். ஒரு தட்டுக்குச் சரியாக இருபத்து நாலு. கைப்பிடி வைத்தேன், அடி சீவினேன், நன்றாகக் காயவிட்டேன். சின்னதுக்கு எட்டாத ஒரே இடம் சாப்பாட்டு மேஜை என்பதால் எல்லாவற்றையும் அதன் மேல் வரிசையாக நிறுத்தினேன். ஒரு வாரம் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏன் தரையில் சாப்பிடுகிறோம் என்று வீட்டுக்காரர் கேட்கவே இல்லை. நல்ல சுபாவம், எதையும் கேட்க மாட்டார்.

திங்கட்கிழமை அவருக்கு விடுமுறை. சின்னதுக்குத் தடுப்பூசி நாள்.

"பெரிசு உங்ககூட இருக்கட்டும். நான் இவனுக்கு ஊசி போட்டுட்டு வந்துடறேன்," என்றேன்.

"தாராளமா போயிட்டு வா. வீட்டை நான் பாத்துக்கறேன்."

அந்த நேரத்தில் என் வலது கண் துடித்திருக்க வேண்டும். துடிக்கவில்லை. முக்கியமான நாட்களில் அதுவும் விடுப்பு எடுத்துக்கொள்ளும்.

ரெண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். கதவைத் திறந்ததும் எலுமிச்சை சோப்பு வாசனை. தரை பெருக்கியிருந்தது. செருப்புகள் ஜோடி ஜோடியாக இருந்தன. சாப்பாட்டு மேஜையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"மேஜை மேல இருந்ததெல்லாம் எங்கங்க?"

சோபாவில் சாய்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார். "ஊறப் போட்டிருக்கேன்."

பாத்திரம் கழுவுவதில் ஊறப் போடுவது என்பது தனி சாஸ்திரம். நாமெல்லாம் தேய்த்துக் கழுவி எடுத்துவைத்துவிடுவோம். அவரைப் போன்ற மேதைகள் தண்ணீரில் போட்டுவிட்டு இயற்கை தன் கடமையைச் செய்யட்டும் என்று காத்திருப்பார்கள். அடுத்த நாள் காலையில் அதை யாராவது கழுவியிருப்பார்கள். அந்த யாராவது யார் என்று இதுவரை அவர் விசாரித்ததில்லை.

குளியலறைக்கு ஓடினேன். சின்னது குளிக்கிற நீலத் தொட்டி நிறையச் செம்மண் குழம்பு. மேலே ஒரு விரல் கனத்துக்கு நுரை. நுரைக்கு நடுவே மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து மிதந்துகொண்டிருந்தது. கையை விட்டுத் துழாவினேன். அடியில் நாலைந்து கைப்பிடிகள் தட்டுப்பட்டன. எடுக்க எடுக்க அவையும் விரலிடுக்கில் வழிந்துபோயின.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சுடாத மண்ணைப் பச்சை என்போம். பச்சைக் கோப்பை எவ்வளவு காய்ந்திருந்தாலும், தட்டினால் டக்கென்று சத்தம் வந்தாலும், தண்ணீரில் போட்டால் கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். சூளையில் சுட்ட பிறகுதான் அது கோப்பை. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று எந்தக் காலத்திலோ ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனார். சக்கரத்தைத் தொட்டே பார்க்காத சனங்கள்கூட அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சக்கரம் வைத்திருக்கிறவளோடு எட்டு வருஷம் குடித்தனம் நடத்துகிறவர் காதில்தான் அது விழவில்லை.

அவர் பின்னாலேயே வந்து நின்றார். தொட்டியைப் பார்த்தார். அவருடைய முகம் போன போக்கை நான் ரசித்திருப்பேன், வேறு வீட்டில் நடந்திருந்தால்.

"ஒரே மண்ணா இருந்துச்சு. அழுக்குன்னு நினைச்சேன்," என்றார்.

"அழுக்குன்னா நினைச்சீங்க?"

"நல்லதுக்குத்தானே பண்ணேன். நீ வரதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சு வச்சுடலாம்னு…"

"முடிச்சுட்டீங்க. எல்லாத்தையும் முடிச்சுட்டீங்க."

"அது தண்ணி பட்டா கரையும்னு நீ சொன்னதே இல்லையே."

பெரிசு கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பொம்மை, முகத்தில் சாட்சிக் கூண்டில் ஏறியவளின் கம்பீரம்.

"நான் சொன்னேம்மா. அது பச்சை, இன்னும் சுடலன்னு சொன்னேன். அப்பா 'எல்லாம் எனக்குத் தெரியும், நீ போய் விளையாடு'ன்னாரு."

கோப்பைகள் போனது வலித்தது, அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைவிட வலித்தது வேறு. நாலரை வயதுப் பிள்ளை பொம்மையை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, நான் செய்வதைப் பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டாள். எட்டு வருஷமாக இந்த மனுஷர் அந்தப் பால்கனியைக் கடந்துபோய் துணி எடுத்து வந்திருக்கிறார். அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு நாள் கேட்டிருந்தால் போதும். தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். சின்னதும் ஊசி போட்ட தொடையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதான், துணைக்கு.

அழுது முடித்ததும் கணக்குப் போட்டேன். சனிக்கிழமை காலைக்கு நாலரை நாள் இருந்தது. கைப்பிடி வேண்டாம், அது காய நாளாகும். சின்ன அளவு, மெல்லிய சுவர். இன்றும் நாளையும் செய்தால், புதன்கிழமை அடி சீவினால், ரெண்டு நாள் வெயில் ஒத்துழைத்தால் நடக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: இந்த நாலு நாளும் பிள்ளைகள் என் கையில் இருக்கக் கூடாது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவு போடுங்க," என்றேன்.

"நாலு நாளா? ஆபீஸ்ல என்னன்னு சொல்றது?"

"பாத்திரம் கழுவினேன்னு சொல்லுங்க."

போட்டார். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை.

நான் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு சக்கரத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் சத்தம் நிறுத்திய டி.வி. மாதிரி தெரிந்தது. சின்னது கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றான். அவனைத் தூக்கிக்கொண்டு போனார். மறுபடி மூக்கு வந்தது. மறுபடி தூக்கினார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பெரிசு தூது வந்தாள்.

"அம்மா, தம்பியோட சட்டை எங்கன்னு அப்பா கேக்கறாரு."

"ஒன்றே கால் வருஷமா எங்க இருக்கோ அங்கதான்னு சொல்லு."

"அம்மா, தம்பி மதியம் தூங்குவானான்னு கேக்கறாரு."

"தம்பியையே கேக்கச் சொல்லு."

அன்று சாயங்காலம் என் மாமியார் போன் செய்தார். வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, "கப்பெல்லாம் கரைஞ்சு போச்சும்மா" என்றது மட்டும் கதவு வழியாகக் கேட்டது. மழை பெய்து கரைந்த மாதிரி ஒரு குரல். பிறகு போன் என் கைக்கு வந்தது. மண் கையோடு தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"போனது போகட்டும்மா. ஆம்பளைப் பிள்ளை, தானா பாத்திரம் கழுவ வந்தான் பாரு, அந்த மனசைப் பாக்கணும். இப்ப லீவு வேற போட்டுப் பிள்ளைங்களைப் பாத்துக்கறானாமே. நீ குடுத்து வச்சவ."

அந்த மனசைத் தொட்டியில் பார்த்தேன் அத்தை, வாத்துக்குப் பக்கத்தில் மிதந்தது என்று சொல்ல வாய்வரை வந்தது. "ஆமாங்க அத்தை," என்றேன்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் இருபத்து நாலும் சக்கரத்திலிருந்து இறங்கின. எனக்கே ஆச்சரியம். யாரும் கூப்பிடாமல் இருந்தால் நான் எவ்வளவு வேகமான வேலைக்காரி என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. புதன்கிழமை காலை பதம் பார்த்து அடி சீவ ஆரம்பித்தேன். பன்னிரண்டு கோப்பைகள் முடிந்திருந்தன. பெரிசு வந்தாள்.

"அம்மா, தம்பி சுடறான்."

ஊசி போட்டால் மூன்று நாளுக்குள் காய்ச்சல் வரலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். வந்துவிட்டது. சின்னது அப்பா தோளில் கிடந்து, என்னைப் பார்த்ததும் ரெண்டு கையையும் நீட்டினான். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அம்மாதான் வேண்டும். அதற்கு லீவு போட்ட அப்பாவெல்லாம் செல்லாது. மருந்து கொடுத்து அவனை நெஞ்சில் போட்டுக்கொண்டேன். இறக்கினால் அலறினான். மிச்சப் பன்னிரண்டை அவன் அசந்த நேரத்தில் சாயங்காலம்தான் சீவ முடிந்தது. அதற்குப் பிறகு அவன் என்னை விடவே இல்லை. கோப்பைகளை யார் பார்த்துக்கொள்வது?

வேறு ஆளா இருக்கிறது?

"இங்க வாங்க," என்றேன். "மணிக்கு ஒரு தடவை ஒவ்வொண்ணாத் திருப்பி வைக்கணும். வெயில் நேரா படக் கூடாது, காத்து படணும். காய்ஞ்சுதான்னு கையால பாத்தா தெரியாது. கன்னத்துல வச்சுப் பாருங்க. சில்லுனு இருந்தா உள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம். ஈரத்தோட சூளைக்குப் போனா வெடிக்கும். அது மட்டும் போகாது, பக்கத்துத் தட்டுல இருக்கறவங்க சாமானையும் சேத்துக்கிட்டுப் போகும்."

"கன்னத்துலயா?"

"பிள்ளைக்குக் காய்ச்சல் பாக்கறோம்ல, அப்படித்தான்."

அவர் அப்படிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பெரிசு ஒரு கோப்பையை எடுத்துக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி, ஒரு வைத்தியர் மாதிரி தலையை ஆட்டிக் காட்டினாள். அவரும் வைத்துப் பார்த்தார். பிறகு சின்னதின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தார். மறுபடி கோப்பை. "ஓ," என்றார். எட்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சின்ன வார்த்தைதான், குறை சொல்ல மாட்டேன்.

வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் வீட்டில் இதுதான் காட்சி. என் கன்னத்தில் சுடுகிற பிள்ளை, அவர் கன்னத்தில் சில்லென்ற கோப்பை. ஒரு கையில் கோப்பையைத் திருப்பி வைத்துக்கொண்டே மறு கையால் பெரிசுக்குச் சாப்பாடு ஊட்டினார். அவள் தட்டில் பாதியைத் தரையில் கொட்டினாள். அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது, திருப்பும் நேரம். ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார், அதை மிதித்துச் சறுக்கினார், பலகையைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்து நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் மரியாதையும் வந்தது. சறுக்குகிறபோதுகூட எதைப் பிடிக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது அல்லவா?

வெள்ளிக்கிழமை மதியம் சோபாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சட்டையில் பிஸ்கட் தூள்.

"தினமும் இப்படித்தானா?"

"இல்லைங்க. மத்த நாள்ல உங்களுக்கும் சேத்துச் சமைக்கணும்."

சனிக்கிழமை காலை சின்னதுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவர் பெரிசுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது நான் கோப்பைகளை எடுத்துத் துணி விரித்த பெட்டியில் அடுக்கினேன். ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று நன்றாக இருந்தன. கடைசியாகச் சீவியது, மூலையில் இருந்தது, சில்லென்று இருந்தது.

அதைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும். எடுத்து வைத்தால் தட்டு நிரம்பாது. நிரம்பாவிட்டால் உள்ளே போகாது. போகாவிட்டால் மூன்றாவது முறை. சூளை முதல் ரெண்டு மணி நேரம் மெதுவாகத்தானே சூடேறும், அதற்குள் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவர்கள் முகத்தில் சேற்றை அள்ளிப் பூசியிருப்பேன். அந்தக் கோப்பையைப் பெட்டியின் நடுவில் வைத்து மூடினேன்.

நாலு பேரும் பேருந்தில் போய் இறங்கும்போது எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம். கொட்டகையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சூளையம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, உடனே மறைத்துக்கொண்டார்.

"வந்துட்டியா. சரி, எடுத்துக் குடு."

சின்னது என் இடுப்பில் இருந்ததால் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு: ரெண்டு நாள் பழக்கத்தில் அவர் கை தானாக ஒவ்வொன்றையும் கன்னத்துக்குக் கொண்டுபோனது. கன்னம், பிறகு சூளையம்மா கை. கன்னம், கை. சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"சாரே உலர்த்தினாரா?" என்று ஒருத்தி கேட்டாள். மூன்றாம் தட்டுக்காரி, பூச்சாடி செய்கிறவள்.

"ஆமாங்க, லீவு போட்டு," என்றேன்.

"அடேயப்பா. பிள்ளைங்களையும் பாத்துக்கிட்டா? ரெண்டையும் எப்படி சார் சமாளிச்சீங்க?"

கேட்டுவிட்டார்கள். எனக்கு நாலரை வருஷம், அவருக்கு நாலு நாள். நான் சின்னதின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன், அது ஏற்கனவே போட்டுத்தான் இருந்தது.

அவர் கையில் இருந்த கோப்பையை ரெண்டாவது முறை கன்னத்தில் வைத்தார். பிறகு மறு கன்னத்தில்.

"இது ஈரமா இருக்கே," என்றார்.

நான் அவரைப் பார்த்த பார்வையில் அந்தக் கோப்பை அங்கேயே காய்ந்திருக்க வேண்டும். அவருக்கு எந்தப் பார்வையும் உறைக்காது.

"நீதானே சொன்ன, வெடிச்சா பக்கத்துத் தட்டும் போகும்னு. இது வேண்டாம்." கோப்பையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

எத்தனையோ நாள் அவர் என் பேச்சைக் காதில் வாங்கியதில்லை. வாங்குவதற்கு இந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். பூச்சாடிக்காரி தன் மூன்றாம் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் காது சூடானது. அவள் தட்டில் ஆறு பெரிய சாடிகள் இருந்தன. அவளுக்கும் வீட்டில் ரெண்டு பிள்ளைகள்.

"இருபத்து மூணுதான் இருக்கு," என்றார் சூளையம்மா. குரலில் ஒன்றும் தெரியவில்லை. "என்ன ஆச்சு, முன்னாடியே செஞ்சு வச்சிருப்பியே நீ."

"கரைஞ்சு போச்சு," என்றேன்.

"கரையல," என்றார் வீட்டுக்காரர். "நான்தான் கரைச்சேன். இவ இருபத்து நாலும் செஞ்சு காயவச்சிருந்தா. நான் அழுக்குன்னு நினைச்சு, குழந்தை குளிக்கற தொட்டில சோப்புத்தண்ணி ஊத்தி ஊறப் போட்டேன். பொண்ணு சொல்லியும் கேக்கல."

சூளையம்மா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சோப்பு வேறயா?" என்று சூளையம்மா கேட்டார்.

"எலுமிச்சை சோப்பு," என்றாள் பெரிசு.

சூளையம்மா சிரித்து நான் பார்த்தது கிடையாது. அன்றைக்குச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பூச்சாடிக்காரியும் சிரித்தாள். வீட்டுக்காரர் காது நுனிவரை சிவந்துபோய் கோப்பையோடு நின்றார், அதற்கு மேல் ஒரு சமாதானமும் சொல்லாமல். சூளையம்மா சிரித்து ஓய்ந்ததும், தான் உட்கார்ந்திருந்த அடுக்கிலிருந்து ஒரு அரைச் செங்கல்லை எடுத்தார். நாலாம் தட்டின் காலி இடத்தில் அதைப் பொருத்தி வைத்தார்.

"தட்டு நிரம்பணும்னுதான் விதி. எதால நிரம்பணும்னு யாரும் சொல்லல," என்றவர், என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "அடுத்த தடவை ஒண்ணு குறைஞ்சா வாயைத் திறந்து சொல்லு. எங்கிட்ட செங்கல்லுக்கா பஞ்சம்?"

தலையை ஆட்டினேன். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது தெரிந்தது.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம் இல்லை. சின்னது என் மடியில் தூங்கிவிட்டான். எதிர் இருக்கையில் வீட்டுக்காரர், அவர் பக்கத்தில் பெரிசு. அந்த ஈரக் கோப்பையை அவர் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பேருந்து ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பெரிசு ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது ஈரமா இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

அப்பாவுக்குத் தெரியாதது எல்லாம் அம்மாவுக்குத் தெரியும் என்று நம்புகிற பிள்ளை. பொய் சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல வரவில்லை.

"தெரியும்."

"அப்பறம் ஏன் பெட்டில வச்ச?"

"தட்டு போயிடும்னு பயமா இருந்துச்சு."

அவள் யோசித்தாள். "அப்பா ஊறப் போட்டது தெரியாம. நீ தெரிஞ்சே வச்ச," என்றாள். தீர்ப்பைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்து நாளாக அவரைக் குத்திக்காட்ட நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை வசனமும், அடுத்த பத்து வருஷத்துக்கு வரும் என்று நம்பியிருந்தவை, அந்த இருக்கையிலேயே கரைந்துபோயின. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. குனிந்து கோப்பையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"அடுத்த சூளை எப்ப?" என்று கேட்டார்.

எட்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவராகக் கேட்ட முதல் கேள்வி. ஏதாவது நறுக்கென்று சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. சின்னதைத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, ஆறு வாரம் கழித்து வருகிற சனிக்கிழமை என்று மட்டும் சொன்னேன்.